கவுன்சிலரை நியமித்தாயிற்று, அடுத்த செலவையும் ஒப்புக்கொள்ளுங்கள்

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று எங்கெல்லாம் மனநல ஆலோசனை தரும் கவுன்சிலர்களும் சைக்காலஜிஸ்டுகளும் வேலை பார்க்கிறார்களோ, அங்கெல்லாம் அவர்களுடைய சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் தாளாளர்கள், முதல்வர்கள், நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் வேலை பார்க்கும் கவுன்சிலருக்கு மாதம் இரண்டு மணி நேரமாவது சூப்பர்விஷன் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். அதாவது, அனுபவமுள்ள இன்னொரு தெரபிஸ்டோடு உட்கார்ந்து தன் கேஸ்களைப் பேசிப் பார்க்கும் நேரம். அது வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை நிறுவனம் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசராக இருப்பவர் அவருக்கு மேலதிகாரியாக இருக்கக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சென்னையில் பிராக்டிஸ் செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மற்ற தெரபிஸ்டுகளுக்கு சூப்பர்விஷன் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி, அதில் எனக்கு வருமானமும் உண்டு. தன் கடைக்கு ஆள் பிடிக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொண்டே படியுங்கள், பரவாயில்லை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர் தற்கொலைகள் தொடர்பான ஒரு வழக்கில் நாடு முழுவதுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல விஷயம். அதற்குப் பிறகு வேலை விளம்பரங்களும் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. எம்.எஸ்சி. சைக்காலஜி அல்லது எம்.எஸ்.டபிள்யூ., ஓரிரு வருட அனுபவம், தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் பேசத் தெரிய வேண்டும். அட்மிஷன் நேரத்தில் அலுவலக வேலைக்கும் உதவ வேண்டும் என்று கூட ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். அந்தக் கவுன்சிலருக்கு ஒரு கேஸில் குழப்பம் வந்தால் யாரிடம் போய்ப் பேசுவார் என்பதற்கு எந்த விளம்பரத்திலும் ஒரு வரி இல்லை.

சூப்பர்விஷன் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அதனால் ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். பல கேஸ்களைக் கலந்து, அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

ஒரு பள்ளிக் கவுன்சிலர். படிப்பை முடித்து அதிக நாளாகவில்லை. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் அவரிடம் வந்துபோகிறாள். கையில் பிளேடால் கீறிக்கொள்ளும் பழக்கம். கவுன்சிலர் அந்த செஷனை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிக் கொண்டுவருகிறார். இதை நாங்கள் வெர்பாட்டிம் என்போம். அதில் ஓர் இடத்தில் அந்தப் பெண், "வீட்ல நான் இருக்கறதே யாருக்கும் தெரியாது மிஸ்" என்கிறாள். அடுத்த வரியில் கவுன்சிலர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். காலையில சாப்டியா? அப்பாகிட்ட பேசிப் பார்த்தியா? யூனிட் டெஸ்ட் எப்போ?

சூப்பர்வைசர் அந்த இடத்தில் நிறுத்துகிறார். கேள்விகள் சரியா தப்பா என்ற பேச்சுக்கே போகவில்லை. "அவள் அப்படிச் சொன்னதும் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்கிறார். கவுன்சிலர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொல்கிறார்: "பயமா இருந்துச்சு மேடம். இவ ஏதாவது பண்ணிக்கிட்டா பிரின்சிபால் என்னைத்தானே கேப்பாங்க."

மூன்று கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பது அங்கே தெரிந்துவிட்டது. பயத்தில் பேச்சை மாற்றியிருக்கிறார். பயப்படுவது தவறில்லை. ஆனால் தன் பேச்சைக் கேட்க ஆளில்லை என்று வந்த பிள்ளைக்கு, இங்கேயும் அதே அனுபவம்தான் கிடைத்தது. இதைக் கவுன்சிலரே கண்டுபிடிக்கும்வரை சூப்பர்வைசர் காத்திருக்கிறார். கண்டுபிடித்த பிறகு இருவரும் அடுத்த வேலைக்குப் போகிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் இதுவரை கேட்டதுண்டா? கேட்டதில்லை. கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடுமோ என்று தயக்கம். அப்படி ஆகாது, நேராகக் கேட்பதுதான் பாதுகாப்பு என்று பாடப்புத்தகத்தில் அவரே படித்திருக்கிறார். படித்தது வாயில் வர வேண்டுமே. சூப்பர்வைசர் தன்னை அந்த மாணவியாக வைத்துக்கொண்டு, "இப்போ என்னைக் கேளுங்க" என்கிறார். முதல் தடவை, "தப்பான எண்ணம் ஏதாவது..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிடுகிறார். இரண்டாவது தடவை குரல் உள்ளே போய்விடுகிறது. நாலைந்து தடவை ஆன பிறகு, கண்ணைப் பார்த்து, சாதாரணக் குரலில், "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்க வருகிறது. ஆம் என்று பதில் வந்தால் அடுத்து என்ன கேட்பது, வீட்டில் யாரிடம் சொல்வது, அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே என்ன சொல்லிவிட்டு அவர்களிடம் சொல்வது, எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்று பேசி முடிக்கும்போது மணி நேரம் முடிந்துவிடும்.

"பிரின்சிபால் என்னைத்தானே கேப்பாங்க" என்ற வரியை அந்தக் கவுன்சிலர் பிரின்சிபாலிடம் சொல்லியிருக்க முடியுமா? மேலதிகாரியாக இருப்பவர் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். இன்கிரிமென்ட் போடுபவரின் முன்னால் யாரும் தன் குழப்பத்தைக் காட்ட மாட்டார்கள். நன்றாகப் போன செஷனைத்தான் எடுத்து வைப்பார்கள்.

"நாங்கள் மாதா மாதம் ரிவ்யூ மீட்டிங் வைக்கிறோமே" என்று சிலர் சொல்வீர்கள். எத்தனை மாணவர்களைப் பார்த்தார், எத்தனை பெற்றோரைக் கூப்பிட்டார், எத்தனை விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தினார் என்பதெல்லாம் நிர்வாகத்துக்குத் தேவையான கணக்குதான். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கூட்டத்தில் வெர்பாட்டிம் திறக்கப்படாது. திறக்கவும் கூடாது, மாணவர் பெயர் தெரிந்த இடம் அது.

இன்னொரு பதில், "வாரம் ஒருமுறை சைக்கியாட்ரிஸ்ட் வருகிறாரே" என்பது. அவர் வருவது நோயாளியைப் பார்க்க. மருந்து வேண்டுமா, அட்மிட் செய்ய வேண்டுமா என்பதில் அவர் சொல்வதுதான் முக்கியம். ஆனால் வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது, ஒரு செஷனில் கவுன்சிலர் ஏன் மூன்று கேள்வி கேட்டார் என்று உட்கார்ந்து பேச அவருக்கு ஏது நேரம்?

அனுபவம் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. தெரபிஸ்டுகளுக்கும் உண்டு. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 170 தெரபிஸ்டுகள், அவர்களிடம் வந்த 6,591 பேர், பல வருடப் பதிவுகள். வருடங்கள் கூடக் கூட தெரபிஸ்டுகளின் பலன் சராசரியாக மேம்படவில்லை, மிகக் கொஞ்சமாகக் குறைந்தே இருந்தது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வு, கனடாவில் கால்கரி நகரத்தின் ஒரு கவுன்சிலிங் மையத்தைப் பற்றியது. அங்கே ஒவ்வொரு கிளையன்டிடமும் அவர் நிலையைத் தொடர்ந்து அளந்து பதிந்தார்கள். முன்னேற்றம் இல்லாத கேஸ்களை எடுத்துவைத்து மற்றவர்களோடு ஆலோசித்தார்கள். அந்த மையத்தின் தெரபிஸ்டுகள் வருடத்துக்கு வருடம் மேம்பட்டார்கள். மாற்றம் சிறியதுதான், ஆனால் மேல்நோக்கிப் போனது.

இதை வைத்து, சூப்பர்விஷன் கொடுத்தால் பிள்ளைகள் இத்தனை சதவீதம் சீக்கிரம் தேறுவார்கள் என்று நான் உங்களிடம் கணக்குக் காட்டப் போவதில்லை. யாராவது காட்டினால் நம்பாதீர்கள், அவ்வளவு உறுதியான ஆதாரம் கிடையாது. தன் வேலையை யாரும் பார்க்காத நிலையில் ஒருவர் பல வருடம் தொடர்ந்தால், அதே பழக்கம் கெட்டிப்படும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

படிக்கும் காலத்தில் இதெல்லாம் இருக்கிறதா என்றால், ஒரு பகுதியினருக்கு இருக்கிறது. மறுவாழ்வுத் துறைப் படிப்புகளை முறைப்படுத்தும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. அதன் அங்கீகாரம் பெற்ற இரண்டு ஆண்டு எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி படிப்பவர்கள் ஆசிரியர்களின் கண் முன்னால் நோயாளிகளைப் பார்த்து, கேஸ் கான்ஃபரன்ஸில் நின்று பதில் சொல்லித்தான் வெளியே வருகிறார்கள். அந்த எம்.ஃபில்.லுக்கே இப்போது கதவு மூடுகிறது. எல்லாத் துறைகளிலும் எம்.ஃபில்லை நிறுத்திய யுஜிசி, இதற்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை விலக்குக் கொடுத்தது. உங்கள் கவுன்சிலர்களில் பெரும்பாலோர் இந்த வழியாக வந்தவர்களும் இல்லை. எம்.எஸ்சி.யோ டிப்ளமோவோ முடித்து, சில வார இன்டர்ன்ஷிப்பில் யாரோ பேசுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தவர்கள்.

சட்டம் கைகொடுக்குமா என்று பார்த்தால், இப்போதைக்கு அதிகமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரெல்லாம் மனநல வல்லுநர் என்று வரையறுக்கிறது. மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் எல்லோரும் வருகிறார்கள். சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' என்ற பிரிவில் மேற்படிப்பு முடித்தவரும் வருகிறார். பள்ளிக் கவுன்சிலர் வரவில்லை. 2021இல் வந்த துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில்தான் சைக்காலஜிஸ்டுகளுக்கும் பலவகைக் கவுன்சிலர்களுக்கும் இடம் கிடைத்தது. அதன் விதிகளும் பாடத்திட்டங்களும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. அவை முழுதாக வந்து சேரும்வரை காத்திருப்போம் என்றால், இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரியே முடித்துவிடும்.

வெளியே எப்படி என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் திருமண, குடும்ப உறவுகளுக்கான தெரபிஸ்டாக உரிமம் வாங்க சூப்பர்விஷனின் கீழ் 3,000 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். பிரிட்டனில் தெரபிஸ்டுகளின் பெரிய சங்கமான பிஏசிபி, தன் அங்கீகாரச் சான்று பெற்ற உறுப்பினர்கள் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷனில் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே முப்பது வருட அனுபவசாலிக்கும் அதே விதிதான். எனக்கு பிரிட்டன் முறைதான் சரியென்று படுகிறது. புதியவர்களுக்கு பயம் தெரியும். பழையவர்களுக்குத் தாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டதே தெரியாது.

உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம். ஒரு மதியம் கவுன்சிலர் அறையில் ஒரு குழந்தை தனக்கு நடந்ததைச் சொல்கிறது. செய்தவர் உறவினராக இருக்கலாம், உங்கள் ஊழியராகவும் இருக்கலாம். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆவது பிரிவில் தண்டனை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. அந்த மதியம் கவுன்சிலரின் நிலையை யோசித்துப் பாருங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால் இப்போது என்ன சொல்வது? எவ்வளவு கேட்பது, எங்கே நிறுத்துவது? குறிப்பில் குழந்தையின் சொற்களை அப்படியே எழுதுவதா, சுருக்குவதா? குழந்தை இன்று மாலை எந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறது? ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். "மேனேஜ்மென்ட்டைக் கேட்காம எதுவும் பண்ணிடாதீங்க" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அந்த நேரத்தில் பேச வெளியே ஓர் அனுபவசாலி இருந்தால் குழந்தைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. முன்பின் தெரியாதவரை அன்றைக்குத் தேடிப் பிடிக்க முடியாது. மாதா மாதம் பேசிப் பழகிய உறவு இருந்தால்தான் அந்த போன் கால் சாத்தியம்.

பள்ளிகளைப் பற்றியே பேசுகிறேன் என்று மற்றவர்கள் நழுவ வேண்டாம். 14416 போன்ற மனநல உதவி எண்களில் இரவு ஷிஃப்டில் அழைப்பெடுப்பவர்கள், நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனை முடிவை ஒருவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவரை உள்ளே கூப்பிடுபவர்கள், போதை மறுவாழ்வு மையங்களில் அதே நோயாளி ஐந்தாவது முறை அட்மிட் ஆவதைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தேவை. கிளையன்ட் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் நிறுவனத்தில் விசாரணை நடக்கும், ஃபைலைக் கேட்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தக் கவுன்சிலருக்கு வேறு அப்பாயின்ட்மென்ட் இருக்கும். உட்கார்ந்து பேச முடிகிற நிலையில் அவர் இருக்கிறாரா என்று கேட்பது யார் பொறுப்பு என்று உங்கள் நிறுவன விதிப்புத்தகத்தில் தேடிப் பாருங்கள்.

பணம்தான் கடைசியில் வரும் கேள்வி. சென்னையில் ஒரு மணி நேர சூப்பர்விஷன் ஆயிரம், இரண்டாயிரம் என்ற அளவில் கிடைக்கிறது. இப்போது இதைப் பல கவுன்சிலர்கள் தங்கள் கையிலிருந்து கட்டுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமையில் வருகிறார்கள். அவர்கள் வாங்கும் சம்பளத்தில் அது பெரிய தொகை. சில மாதம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், இன்னும் சில மாதத்தில் வேலையையே விட்டு எச்.ஆர். பக்கம் போய்விடுகிறார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்கு வருடா வருடம் ஏ.எம்.சி. கட்டும் அலுவலகத்துக்கு இந்தத் தொகை கஷ்டமில்லை.

தர்மபுரியிலும் தென்காசியிலும் சூப்பர்வைசருக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஆன்லைனில் நன்றாகவே நடக்கிறது. பக்கத்துப் பள்ளிகள் நாலைந்து சேர்ந்து ஒரு குழு சூப்பர்விஷன் வைத்துக்கொண்டால் செலவும் பங்காகும். தனியாக இருக்கும் கவுன்சிலருக்குத் தன்னைப் போல நாலு பேரைத் தெரிந்துகொள்வதே பாதித் தெம்பு. தமிழில் நடக்கும் செஷனைத் தமிழிலேயே கேட்டுப் பேசக்கூடியவராகப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் எல்லோரும் நல்ல சூப்பர்வைசர் ஆகிவிட மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். சிலர் கேஸைப் பிடுங்கித் தாங்களே தெரபி பண்ண ஆரம்பித்துவிடுவார்கள், சிலர் கவுன்சிலருக்கே தெரபி பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளக் கவுன்சிலருக்கு உரிமை கொடுங்கள்.

ரகசியம் வெளியே போகாதா என்றால், முறையாகச் செய்தால் போகாது. பெயரும் அடையாளமும் மாற்றித்தான் கேஸ் பேசப்படும். முதல் செஷனில் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்திலேயே, "உங்கள் கவுன்சிலர் தன் சூப்பர்வைசரிடம் ஆலோசிப்பார், உங்கள் பெயர் சொல்லப்படாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சூப்பர்வைசரும் உங்களிடம் கேஸ் விவரம் எதையும் சொல்ல மாட்டார். வந்தாரா, எத்தனை மணி நேரம் என்ற கணக்கு மட்டும் உங்களுக்கு வரும். கட்டணம் கொடுக்கும் எங்களுக்கே சொல்ல மாட்டாரா என்று எரிச்சல் வரலாம். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்ற இடங்களில் உங்களுக்குத் தகவல் வரும் வழியை முதலிலேயே மூவரும் எழுதிவைத்துக்கொண்டால் அந்த எரிச்சலுக்கு வேலை இருக்காது.

அடுத்த கல்வியாண்டுக்கான பட்ஜெட் போடும்போது இதற்கு ஒரு தலைப்பு திறந்துவிடுங்கள். நியமன ஆணையிலும் ஒரு வரி சேருங்கள். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் இப்போதே சொல்லி அனுப்புகிறேன்: இன்டர்வியூவில் சம்பளம் பேசி முடித்த பிறகு, "எனக்கு சூப்பர்விஷன் யார் கொடுப்பார்கள் சார்?" என்று கேளுங்கள், பதில் இல்லாத இடத்தில் சேருமுன் யோசியுங்கள் என்று. நல்ல பிள்ளைகள், கேட்டுவிடுவார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்
சென்னை